ஒலியை முடித்துவைக்கும் கம்பளி

பியானோவைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ஒலி பிறக்கும் இடத்தைத்தான் புகழ்கிறார்கள். சுத்தியல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, ஒலிப்பலகைக்கு என்ன மரம், அடித்தந்தி எவ்வளவு நீளம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பிறந்த ஒலி எப்படி முடிகிறது என்று விசாரிக்கிறவர்கள் குறைவு.

ராபர்ட் ஷூமான் அதைக் கவனித்தவர். 1831-இல் வெளிவந்த அவருடைய ‘பாப்பியோன்’ என்ற பியானோத் தொகுப்பின் முடிவில் ஒரு விசித்திரமான இடம் வருகிறது. வாசிப்பவர் ஒரு சுரக்கூட்டை விரல்களால் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டும். புதிதாக எதையும் அடிப்பதில்லை. ஒரு விரல் எழும்போது ஒரு சுரம் குறைகிறது. மிச்சமுள்ளவை கொஞ்சம் தெளிவாகக் கேட்கின்றன. அடுத்த விரல் எழுகிறது. அந்தச் சில நொடிகளில் இசையை உண்டாக்குவது சுத்தியல் அல்ல, டாம்ப்பர். ஒலிக்கும் தந்தியின் மேல் இறங்கி அதை அடக்கும் கம்பளித் துண்டு. தேய்ந்துபோன டாம்ப்பர்களோடு அந்தப் பக்கத்தை வாசித்துப் பார்த்தால் ஒரு சுரம் சீறிக்கொண்டு நிற்கும், ஒன்று போக மனமில்லாமல் இழுக்கும், ஒன்று பாதியில் உறுமும். ஷூமான் எழுதிய இசை அங்கே இருக்காது.

பழைய கிராண்ட் பியானோவில் இந்த உறுப்புகளைப் புதுப்பிக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு, பியானோக்காரர்களின் கைத்திறனில் மிக நுட்பமானது இதுதான் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. சுருதி சேர்ப்பவரின் காதை உலகம் கொண்டாடுகிறது. டாம்ப்பர் வேலை செய்கிறவருக்கு அதே காது வேண்டும். கூடவே பொற்கொல்லரின் கையும் வேண்டும்.

மூடியைத் தூக்கினால் தந்திகளுக்கு மேலே கறுப்பு வண்ணம் பூசிய சிறிய மரத்தலைகள் வரிசையாகத் தெரியும். 88 கட்டைகள் இருந்தாலும் டாம்ப்பர்கள் ஏறக்குறைய 70தான். உச்சியில் உள்ள கட்டைகளுக்கு டாம்ப்பர் கிடையாது. அங்கே தந்தி மிகக் குட்டையானது, ஒலி தானாகவே உடனே ஓய்ந்துவிடும். அடக்க ஆள் இல்லாத அந்தத் தந்திகள் கீழே வாசிக்கிற ஒவ்வொன்றுக்கும் மெல்ல ஒத்து அதிர்ந்துகொண்டே இருக்கும். பியானோ ஒலியைச் சுற்றி ஒரு மினுமினுப்பு இருக்கிறதே, அதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு மரத்தலையிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி, தந்திகளுக்கு நடுவே எதையும் தொடாமல் கீழே இறங்குகிறது. தந்திகளுக்குக் கீழே ஒரு நீண்ட மரச்சட்டம்; அதில் கம்பிக்கு ஒன்றாகத் துளைகள்; துளைகளின் உட்புறம் முழுக்கச் சிவப்புக் கம்பளித் துணி. அதன் வழியாக இறங்கும் கம்பி இன்னும் கீழே ஒரு சிறு மரக்கட்டியில் போய் நுழைகிறது. அங்கே ஒரு பொடித் திருகு அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மரக்கட்டி ஒரு லீவரில் கீல் போட்டு நிற்கிறது. லீவரின் பின்முனை ஒரு சட்டத்தில் கீலாகப் பொருந்தியிருக்க, முன்முனை கட்டையின் வால்பக்கத்துக்கு மேலே படுத்திருக்கிறது. நாம் கட்டையின் முன்னால் அழுத்தினால் வால் எழும்பும். வால் லீவரைத் தூக்கும். லீவர் கம்பியைத் தூக்கும். தலை தந்தியை விட்டு எழும். விரலை எடுத்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

தலையைக் கீழே இழுப்பது எது? நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் தந்திகள் செங்குத்தாக இருப்பதால் டாம்ப்பரை ஸ்பிரிங் வைத்துத்தான் தந்தியோடு அழுத்த வேண்டியிருக்கிறது. இன்றைய கிராண்டில் அந்த வேலை அநேகமாகப் புவியீர்ப்புக்கு விடப்பட்டிருக்கிறது. தலை, கம்பி, லீவர், லீவருக்குள் பதித்த ஈயக் குண்டு, இவற்றின் சொந்த எடையே போதும். தள்ளுவார் யாருமில்லாமல் தன் எடையால் மட்டும் விழுகிற ஒரு பொருள் இத்தனை திருத்தமாக விழ வேண்டுமானால் வழியில் எங்கும் உரசல் இருக்கக் கூடாது. இந்த வேலையின் சிரமமும் அழகும் அந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருகின்றன.

கம்பளியின் வடிவங்களைப் பார்க்க வேண்டும். அடிமந்திரத்தில் ஒரு சுரத்துக்குச் செம்பு சுற்றிய தடித்த தந்தி ஒன்றே ஒன்று. அதற்கான ஃபெல்ட்டின், அதாவது அழுத்திச் செய்த கம்பளியின், அடியில் பள்ளம் வெட்டியிருக்கும், தந்தியின் இரு தோளையும் அது அணைத்துக்கொள்ளும். கொஞ்சம் மேலே போனால் ஒரு சுரத்துக்கு இரண்டு தந்திகள். அங்கே ஃபெல்ட் ஆப்பு வடிவில் கூராகி, இரண்டு தந்திகளுக்கும் நடுவே வகிடு எடுத்தாற்போல இறங்குகிறது. அதற்கும் மேலே மூன்று தந்திகள், இரண்டு இடைவெளிகள், ஆகவே ஃபெல்ட்டுக்கு இரண்டு கூர்முனைகள். இன்னும் மேலே போகப் போக அதிர்வு சிறுத்துவிடுகிறது, தட்டையான கம்பளித் துண்டே போதும். இடைப்பட்ட பகுதியில் ஒரே தலையின் கீழ் முன்பாதி ஆப்பாகவும் பின்பாதி தட்டையாகவும் வைப்பதும் உண்டு. வெள்ளைக் கம்பளிக்கும் மரத்துக்கும் நடுவே பல பியானோக்களில் மெல்லிய சிவப்பு ஃபெல்ட் ஒன்று ஒளிந்திருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் அந்த ஒரு கோடு சிவப்பு!

அடிமந்திரத்தில் ஃபெல்ட் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. தந்தி அதிரும்போது அதன் முழு நீளமும் அதிர்கிறது; கூடவே பாதிகளாகவும், மூன்றில் ஒன்றாகவும், ஏழில் ஒன்றாகவும் பிரிந்து அதிர்கிறது. இந்தப் பிரிவுகள் சந்திக்கும் புள்ளிகளில் அந்தந்த அதிர்வு சும்மா நிற்கும். டாம்ப்பர் சரியாக அந்தப் புள்ளியில் மட்டும் உட்கார்ந்தால் அந்த ஒரு மேற்சுரம் மட்டும் அடங்காமல் தப்பித்துவிடும். விரலை எடுத்தபின்னும் ஆவிபோல் ஒரு மெல்லிய சுரம் மேலே கேட்டுக்கொண்டிருக்கும். கம்பளியை நீளமாக வைத்தால் ஒன்று தப்பிக்கும் இடத்தை விட்டு அடுத்த இடத்திலும் கை வைக்கலாம். பழைய பியானோவில் கம்பளி இறுகி, நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இந்த ஆவிகள் வெளியே வருகின்றன.

டாம்ப்பர் எப்போது எழ வேண்டும் என்பதில் இன்னொரு நயம் இருக்கிறது. கட்டையை அழுத்தத் தொடங்கியதுமே அது எழுந்துவிடாது. சுத்தியல் தந்தியை நோக்கிப் போகும் தூரம் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர். அதில் பாதியைக் கடக்கும்போதுதான் கட்டையின் வால் லீவரைத் தொடும். முதல் பாதியில் விரல் சுத்தியலை மட்டும் சுமக்கிறது, இரண்டாம் பாதியில் டாம்ப்பரையும் சேர்த்துச் சுமக்கிறது. நல்ல வாசிப்பாளரின் விரல் அந்த எடை சேரும் இடத்தை உணரும். பெடலை அழுத்தி டாம்ப்பர்களை முன்னதாகவே தூக்கிவிட்டால் கட்டைகள் லேசாகிவிடுவதற்கும் இதுதான் காரணம்.

இந்தப் பாதிவழிக் கணக்குக்கு இன்னொரு பயன் இருக்கிறது. பியானோ செய்பவரான செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெறப்பட்ட பொறியமைப்பில், கட்டை முழுக்க மேலே வராமலேயே சுத்தியலை மறுபடி அடிக்கச் செய்யலாம். கட்டை பாதிவரை எழுந்தால் போதும். அந்தப் பாதியில் டாம்ப்பர் இன்னும் தந்தியில் இறங்கியிருக்காது என்பதால், ஒலி அறுபடாமல் அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க முடிகிறது, பெடலே வேண்டியதில்லை. அமைப்பு தேய்ந்த பியானோவில் டாம்ப்பர் சீக்கிரமே விழுந்துவிடும், அல்லது நேரங்கெட்டு எழும். வாசிப்பவர் தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒலியை முடிப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது நம் காலத்து ஆடம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1777 அக்டோபரில் 21 வயது மொஸார்ட், ஆக்ஸ்பர்க் நகரத்தில் யோஹான் அந்திரேயாஸ் ஷ்டைன் செய்த பியானோக்களை வாசித்துவிட்டுத் தன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் மெச்சியவற்றில் முக்கியமானது, ஷ்டைனின் கருவியில் ஒலி அடங்குவது மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருந்ததுதான். அந்தக் கருவியில் கால்பெடல் இல்லை; கட்டைப்பலகைக்கு அடியில் இருந்த லீவரை முழங்காலால் தூக்கினால் டாம்ப்பர்கள் எழும். முழங்காலைச் சற்றே விலக்கினாலும் மிச்ச ஒலி துளியும் கேட்பதில்லை என்று அதையும் தனியாகக் குறிப்பிடுகிறார். பியானோ வாசிக்கப் போன ஒரு மேதை எதைச் சோதித்தார் பாருங்கள்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஐரோப்பா இதில் இரண்டு கட்சியாகவே பிரிந்தது. வியன்னா பியானோக்கள் ஒலியைக் கத்தரித்தாற்போல் நிறுத்தும்; ஆங்கிலேயப் பியானோக்களின் டாம்ப்பர்கள் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல, விரல் எடுத்தபின்னும் ஒரு புகைமூட்டம் தங்கும். மொஸார்ட்டின் மாணவரான ஹும்மல் 1828-இல் வெளியிட்ட பியானோப் பாடநூலில் இந்த வித்தியாசத்தைப் பேசியிருக்கிறார். பாரிஸில் எரார் நிறுவனம் டாம்ப்பர்களைத் தந்திக்கு மேலே வைக்காமல் கீழேயிருந்து ஸ்பிரிங்கால் அழுத்தும்படி நெடுங்காலம் செய்துவந்தது. 1801-இல் பேத்தோவன் ‘மூன்லைட்’ என்று பின்னால் பெயர் பெற்ற சொனாட்டாவை எழுதியபோது, முதல் பகுதி முழுவதையும் டாம்ப்பர்கள் இல்லாமலே வாசிக்க வேண்டும் என்று குறித்தார். சீக்கிரம் ஓய்ந்துவிடும் அந்தக் காலத்து ஒலியில் அது சாத்தியம். இன்றைய கிராண்டில் பெடலை அப்படியே மிதித்து வைத்திருந்தால் சேறாகிவிடும். அதனால் இன்று வாசிக்கிறவர்கள் டாம்ப்பரை அரைகுறையாக இறக்கியும் ஏற்றியும் சமாளிக்கிறார்கள். கால் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கிற அந்தச் சமாளிப்புக்கு ஏறக்குறைய எழுபது தலைகளும் ஒன்றாக உடன்பட வேண்டும்.

டாம்ப்பர் இல்லாத கருவிகளுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஹங்கேரியின் சிம்பலம் அப்படிப்பட்ட கருவியாகத்தான் இருந்தது. புடாபெஸ்ட்டில் ஷுண்டா என்ற கருவி செய்பவர் அதற்கு டாம்ப்பர் பெடல் வைத்தது 1874-இல். அதே ஆண்டில்தான் ஸ்டெயின்வே நிறுவனம் பியானோவின் நடுப்பெடலுக்குக் காப்புரிமை பெற்றது. அழுத்தியிருக்கும் கட்டைகளின் டாம்ப்பர்களை மட்டும் மேலேயே பிடித்து வைக்கும் பெடல் அது. பாரிஸில் 1844 கண்காட்சியிலேயே ப்வாஸ்லோ என்ற பியானோ நிறுவனம் அந்த யோசனையைக் காட்டிவிட்டது என்பது வேறு கதை.

இனி பழைய பியானோவுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் நியூயார்க்கில் செய்த ஒரு ஸ்டெயின்வே கிராண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். உலகமெங்கும் பட்டறைகளுக்கு வருகிற பழைய கருவிகளில் அவை நிறைய. கட்டைகளையும் சுத்தியல்களையும் தாங்கிய சட்டத்தை இழுப்பறைபோல் முன்னால் இழுத்து எடுத்துவிட்டால், உள்ளே ஒரு குகை. விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் கடைக்கோடியில் டாம்ப்பர் லீவர்களின் வரிசை தெரியும். நூறு வருஷத்துத் தூசியும், சில சமயம் ஒரு பென்சிலும், ஒரு நாணயமும் கூட.

அங்கே தெரிகிற சேதத்தில் சில கண்ணுக்கே தெரியும். ஃபெல்ட்டின் அடியில் தந்திகள் தம் தடத்தை வெட்டியிருக்கும். வெட்டிய இடம் இறுகிப் பளபளக்கும். அப்படி இறுகிய கம்பளி அதிரும் தந்தியில் இறங்கும்போதுதான் ‘ஸ்ஸிங்’ என்று சீறும். பூச்சி அரித்த தலைகள் வழுக்கை விழுந்து நிற்கும். லீவரின் ஈயக் குண்டுகள் சில கருவிகளில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, உப்பி, சுற்றியுள்ள மரத்தையே பிளந்திருக்கும். கீல்களில் இருக்கும் பித்தளைப் பின்னைச் சுற்றிலும் பச்சைப் பிசின் கட்டியிருக்கும். அந்தக் காலத்தில் கீலின் கம்பளிக்கு ஊட்டிய மெழுகும் எண்ணெயும் உலோகத்தோடு வினைபுரிந்து உண்டான களிம்பு அது. துடைத்தால் போகும், ஆனால் திரும்ப வரும். பச்சை கண்ட கீலோடு மல்லுக்கட்டுவதைவிட லீவர் வரிசையை அப்படியே மாற்றிவிடுவதே மேல் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

சென்னையிலும் கொழும்பிலும் இருக்கும் பியானோக்களுக்கு இன்னொரு வியாதி. கடற்காற்றின் ஈரத்தில் துளைகளின் சிவப்புத் துணி உப்பிவிடும்; கம்பி இறுகி, டாம்ப்பர் மேலேயே தொங்கும், அல்லது யோசித்து யோசித்து இறங்கும். கம்பியில் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பகலில் ஏசி, இரவில் ஏசி இல்லை என்ற அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வேலை, கழற்றுவதில் தொடங்குகிறது. ஒவ்வொரு மரக்கட்டியின் பொடித் திருகையும் தளர்த்தி, ஒவ்வொரு டாம்ப்பரையும் மேல்பக்கமாக உருவி, துளையிட்ட பலகையில் வரிசை மாறாமல் குத்தி வைக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொரு கம்பியும் தன் இடத்துக்கென்று வளைக்கப்பட்டது. இடம் மாறினால் அடுத்த தந்தியில் உரசும். மரத்தலைகள் நன்றாக இருந்தால் அவற்றையும் கம்பிகளையும் வைத்துக்கொண்டு கம்பளியை மட்டும் புதிதாக்குவார்கள். பழைய ஃபெல்ட்டை உரித்து, மரத்தைச் சுத்தம் செய்து, கறுப்பு வண்ணத்தைச் சீர்செய்வார்கள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நல்ல பழைய தலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே சீரான புதுத் தலைகள் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய தச்சர் அந்தந்தத் தலைக்கு வைத்த நீளத்திலும் சாய்விலும் அந்தக் கருவியின் கணக்கு இருக்கிறது.

கீழே லீவர் வரிசைக்குப் பதிலாகப் புதியது வரும். ஷ்டுட்கார்ட்டில் 1882-இல் தொடங்கிய ரென்னர் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்து தருகின்றன. வாங்கி வந்து திருகி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம். பழைய கருவிகள் கையால் செய்யப்பட்டவை. ஒன்றின் உட்புற அளவு இன்னொன்றுக்கு இருக்காது. புதிய லீவரின் அச்சு எந்த உயரத்தில், எவ்வளவு பின்னால் வர வேண்டும் என்பதை அந்தப் பியானோவிலேயே அளந்து பார்க்க வேண்டும். கட்டை தன் தாங்குபுள்ளியில் சுழல்கிறது, லீவர் தன் அச்சில் சுழல்கிறது; இரண்டும் தொடும் இடத்தில் வழுக்கல் தவிர்க்க முடியாது. டாம்ப்பர் பாதி எழுந்திருக்கும்போது அந்தத் தொடுமிடம், இரண்டு அச்சுகளையும் இணைக்கும் நேர்கோட்டில் வந்தால் வழுக்கல் மிகக் குறையும். கடிகாரப் பல்சக்கரங்கள் செய்கிறவர்களுக்குத் தெரிந்த அதே கணக்கு. இது பிசகினால் ஒவ்வொரு கட்டையும் விரலுக்குக் கீழே லேசாக மணல் தட்டியதுபோல் இருக்கும். காரணம் என்னவென்று வாசிப்பவருக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு துளைகளுக்குத் துணி. பழைய சிவப்புத் துணியை எடுத்துவிட்டு, புதுத் துணியின் ஒரு பட்டையைக் கூராக வெட்டி, துளை வழியே இழுத்து, பசை தொட்டு, விளிம்பில் வெட்டி நிறுத்துவார்கள். கம்பி அதில் எப்படி ஓட வேண்டும் என்பதற்குச் சோதனை எளிது: கீழே எதிலும் பிணைக்காமல் டாம்ப்பரைக் கையால் தூக்கி விட்டால் தன் எடையிலேயே நேராக விழ வேண்டும், தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று பகை. துணி தடித்தால் முதலாவது போகும், மெலிந்தால் இரண்டாவது போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் ஒரு மயிரிழை.

கம்பளி ஒட்டும் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நீளப் பட்டையாக வரும் ஃபெல்ட்டைச் சவரக் கத்திபோல் கூர்மையுள்ள அலகால் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அழுத்தி அறுத்தால் ஓரம் நசுங்கும், நசுங்கிய ஓரம் தந்தியில் தொங்கும். பசை குறைந்தால் விழுந்துவிடும். கூடினால் கம்பளிக்குள் ஏறிக் கல்லாகும், கல்லான இடம் சத்தம் போடும். சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஆப்பு ஃபெல்ட்டை முதலில் தந்திகளுக்கு நடுவே அதன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பசை தொட்ட தலையை மேலேயிருந்து அதன்மீது இறக்குகிறார்கள். தலை இருக்கும் இடத்துக்குக் கம்பளி வராமல், கம்பளி உட்கார்ந்த இடத்துக்குத் தலை வருகிறது. தந்தி சொன்னபடி கேட்பது என்றால் இதுதான்.

அதன்பின் கம்பியை வளைப்பது. இடுக்கியால் இரண்டு இடங்களில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. தலை தந்திகளுக்கு நேராக நிற்க வேண்டும். எழும்போது திரும்பக் கூடாது, முன்னோ பின்னோ சாயக் கூடாது. மூன்று தந்திகளையும் ஒரே கணத்தில் விட வேண்டும். இதைச் சோதிப்பது கண் அல்ல, காது. கட்டையை மிக மிக மெதுவாக அழுத்தி, டாம்ப்பர் விடுகிற எல்லையில் நிறுத்திக்கொண்டு, மூன்று தந்திகளையும் விரல்நகத்தால் மெல்ல மீட்டுவார்கள். ஒன்று மட்டும் பாடி மற்ற இரண்டும் மொத்தென்றால் தலை அந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி இடுக்கி. இன்னொரு குறும்பும் உண்டு: எல்லாம் சரியாக நின்ற பிறகு கீழே பொடித் திருகை இறுக்கும்போது தலை சடக்கென்று ஒரு பக்கம் திரும்பும். கம்பி மரக்கட்டிக்குள் இயல்பாக உட்காராமல் வலுக்கட்டாயமாக நின்றிருந்தது என்று அது சொல்கிறது. அப்போது திருகைத் தளர்த்திவிட்டுக் கம்பியைத் திருத்த வேண்டும். தலையைப் பிடித்துத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவரின் வேலை ஒரு மழைக்காலம் தாங்காது.

கடைசியில் பெடல். லீவர்களுக்கு அடியில் குறுக்காக ஒரு நீண்ட தட்டு. பெடலை மிதித்தால் தட்டு எழுந்து எல்லா லீவர்களையும் ஒன்றாகத் தூக்கும். ஒன்றாக என்றால் ஒன்றாக. தட்டைத் தேவையான உயரத்தில் நிறுத்தி, எல்லா லீவர்களையும் அதன்மேல் படுக்க வைத்து, எல்லாத் தலைகளும் தந்திகளில் உட்கார்ந்திருக்கும் நிலையில் ஒவ்வொரு திருகாக இறுக்கிக்கொண்டு வருவார்கள். பிறகு கண்ணைத் தந்திகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இன்னொருவரை மெதுவாகப் பெடலை அழுத்தச் சொல்லிப் பார்ப்பார்கள். கறுப்புத் தலைகளின் வரிசை ஒரே கோடாக அசைய வேண்டும். ஒன்று முந்தினால் அந்தச் சுரம் தனியாக முணுமுணுக்கும். ஒன்று பிந்தினால் அரைப்பெடலில் அது மட்டும் ஊமையாகும். முந்துவதையும் பிந்துவதையும் சரிசெய்து முடித்தபின் மூன்று சுரங்களைப் பலமாக அடித்துப் பெடலை விட்டுப் பார்க்கலாம். ஒலி வெட்டுப்படாது, சீறாது. ஒரு மெல்லிய மூச்சோடு முடிந்துவிடும்.

வேலை சரியாக நடந்ததா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கீழே ஒரு ‘ஸி’ கட்டையை ஒலி வராமல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள ‘ஸி’யைச் சட்டென்று தட்டிக் கையை எடுங்கள். தட்டிய சுரம் நின்றுவிடும். அழுத்தி வைத்திருக்கும் கீழ்த்தந்தி யாரும் தொடாமலே அந்த மேல்சுரத்தைப் பாடிக்கொண்டிருக்கும். ஷோன்பெர்க் 1909-இல் எழுதிய மூன்று பியானோத் துண்டுகளில் முதலாவதில் இந்த வித்தையையே இசையாக்கினார். மற்ற டாம்ப்பர்கள் எல்லாம் தம் தந்திகளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால்தான் அந்த ஒற்றைக்குரல் சுத்தமாகக் கேட்கும்.

பழைய கிராண்ட் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்பூச்சையும் பெயர்ப்பலகையையும் பார்த்து மயங்க வேண்டாம். அடிமந்திரத்தில் ஒரு சுரத்தை ஓங்கி அடித்து விரலை எடுங்கள், நின்றபின் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். பெடலை மெதுவாக அழுத்தித் தலைகள் ஒன்றாக எழுகின்றனவா என்று குனிந்து பாருங்கள். சுத்தியல்களை மாற்றினேன் என்று விற்பவர் சொன்னால், டாம்ப்பர் லீவர்களை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழப்போகிறது. விலையில் அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.